உட்காருவதற்கான ஏற்பாடுகள்

சும்மா உட்காருவதற்காக ஒரு மனுஷி இப்படி ஓடியதைப் பழவேற்காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்தபோதே இசபெல் ஆரம்பித்துவிட்டாள். சுண்ணாம்புக்குளத்திலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்து இறங்கியது. ஈரச் சுவரில் வெள்ளை நிற்காது என்றான் அடிக்க வந்தவன். நிற்கும், அடி என்றாள். அடித்தான். நிற்கவில்லை. மறுபடியும் அடிக்கச் சொன்னாள். ஜன்னல் திரைகள் துவைக்கப்பட்டு, மழையில் காயாமல், அடுப்புக்கு மேலே தொங்கிப் புகை நாற்றம் பிடித்து, திரும்பவும் துவைக்கப்பட்டன. மாவு இடிக்க ஒருத்தி, சலிக்க ஒருத்தி. அவர்கள் இடித்ததும் சலித்ததும் சரியில்லை என்று மறுபடி இடிக்கவும் சலிக்கவும் இசபெல்.

அவள் கணவர் ஹென்ட்ரிக் ஒல்லாந்துக் கும்பினியின் கோட்டையில் எழுத்தர். சாந்தமான மனிதர். மார்கழி வந்தால் வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது என்பது கல்யாணமான முதல் வருஷமே அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தால் அந்த நாற்காலியைத் துடைக்க ஆள் வரும். எனவே கோட்டையிலேயே நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார். இசபெல் பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா வழியில் போர்த்துகீசிய மூக்கும் அம்மா வழியில் தமிழ் நாக்கும் வாய்த்திருந்தன. ஊரார் வாயில் கிறிஸ்துமஸ் நத்தார்தான். அவளுக்கும் அப்படித்தான்.

எல்லா வருஷமும் ஓடுவாள். ஆனால் இந்த வருஷ ஓட்டத்துக்குக் காரணம் வேறு. அது அவள் தங்கை டொமிங்கா.

அப்பா அம்மா போன பிறகு அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா என்றுதான் இருந்தார்கள். போன நத்தாருக்கு டொமிங்கா இந்த வீட்டில்தான் இருந்தாள். பண்டிகை முடிந்த கையோடு அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வில்லியம், சென்னப்பட்டணத்தில் இங்கிலீஷ்காரர்களின் கோட்டையில் கிடங்குப் பொறுப்பு. அந்த நாட்களில் டொமிங்கா அடிக்கடி சமையற்கட்டு வாசலில் வந்து நிற்பாள். “அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்பாள். “இருடி, எண்ணெய் காயுது” என்பாள் இசபெல். எண்ணெய் காய்ந்தது, மாவு புளித்தது, விருந்தாளிகள் வந்தார்கள், பாத்திரம் கழுவியாயிற்று, கல்யாணமும் ஆயிற்று. வண்டியில் ஏறும்போது டொமிங்கா முகத்தைக் கொடுக்கவே இல்லை. வருஷம் முழுக்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

பிறகு ஐப்பசியில் ஜமால் முகம்மது மரைக்காயர் செய்தி கொண்டுவந்தார். அவர் கைக்குட்டைத் துணியும் பனையோலைப் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு சென்னப்பட்டணத்துக்குப் போய் வருகிறவர். சொன்னதைச் சொன்னபடியே சொல்வார். அதற்காகவே ஊரில் எல்லோரும் அவரிடம் சேதி சொல்லி அனுப்புவார்கள்.

“நத்தாருக்கு மொத நாள் வரேன்னுச்சு. ‘எங்கக்கா வாசல்ல உக்காந்திருக்கணும். அடுப்புக்கும் கெணத்துக்கும் ஓடிக்கினு இருந்தா, வந்த வண்டியிலயே திரும்பிடுவேன். அப்புறம் எந்த நத்தாருக்கும் வரமாட்டேன்’னு சொல்லச் சொல்லிச்சு.”

“சொல்லும்போது சிரிச்சாளா, மரைக்காயரே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சிரிக்கலம்மா.”

அன்று இசபெல் தூங்கவில்லை. விடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நத்தாருக்கு முதல் நாள் காலையிலிருந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால், அதற்குள் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும். எல்லாம் என்றால் எல்லாம். அதனால்தான் இந்த ஓட்டம்.

“இன்னாம்மா இது, பண்டிகைக்கா, படையெடுப்புக்கா?” என்றாள் செல்வம்மாள். தோணிரேவிலிருந்து தினமும் மீன் கொண்டுவருகிறவள். கூடையை இறக்கிவிட்டு முற்றத்தில் வரிசையாக நின்ற தாழிகளைப் பார்த்தாள். ஒன்றில் அச்சு முறுக்கு, ஒன்றில் கலகலா, ஒன்றில் மீன் ஊறுகாய். வாழையிலைக்கு அடியில், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய தோதல் கறுப்பாக.

“செல்வம், எனக்குப் பெரிய கொடுவா ரெண்டு வேணும். பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்னாடியே.”

“அன்னைக்கு எங்களுக்குப் பாடு இல்லியே. மறுநாள்தான்.”

ஏரியில் வலை போடும் இடங்கள் ஊர் ஊராக முறை வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன. உன் ஊரின் முறை வருகிற நாள்தான் உனக்குப் பாடு. மற்ற நாளில் வலை வேலியில் காய வேண்டியதுதான். இது இசபெலுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டாள்.

“ஒரு நாள் முன்னாடி போட்டா இன்னா?”

“அபராதம் போடுவாங்க. எங்க நைனாவே ஊருக்குப் பெரியவரு. அவரு ஒருக்கா அவசரப்பட்டாரு, அவருக்கே போட்டாங்க.”

“பாடு இல்லாத நாள்ல அப்ப இன்னாதான் பண்ணுவீங்க?”

“சும்மா இருப்போம்.”

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல இசபெல் முகம் மாறியது. செல்வம்மாள் சிரித்தாள். “சும்மா இருக்கலன்னா எங்க ஊர்ல அபராதம்மா. உன்னை அங்க வெச்சா உன் வீடு வாசல் எல்லாம் போயிடும்.”

நத்தாருக்கு முதல் நாள் வந்தது. செய்வதற்கு நிஜமாகவே ஒன்றும் பாக்கியில்லை. கொடுவா கூட முந்தின நாளே வேறு ஊர்க்காரரிடம் வாங்கிப் பொரித்தாயிற்று. இசபெல் நல்ல பாவாடையும் சரிகை வைத்த மேற்சட்டையும் உடுத்தி, வாசலில் இரண்டு நாற்காலி போட்டு, ஒன்றில் உட்கார்ந்தாள்.

உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. முதலில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு எதிர்வீட்டு ஓட்டில் ஒன்று விலகியிருப்பது கண்ணில் பட்டது. அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரொம்ப நேரமாகவே உட்கார்ந்திருப்பவள் போல முதுகைத் தளர்த்தி, முகத்தை நிதானமாக வைத்துக்கொண்டாள். உப்பு வண்டி போனது. வைக்கோல் வண்டி போனது. கோட்டைக்கு விறகு போனது. வண்டிக்காரர்கள் எல்லோரும் அந்த நிதானமான முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

டொமிங்கா வரவில்லை.

மத்தியானம் ஹென்ட்ரிக் வந்து பக்கத்து நாற்காலியில் உட்காரப் பார்த்தார். “அது அவளுக்கு” என்றாள். அவர் நின்றுகொண்டார். “வழியில் சக்கரம் புதைந்திருக்கும். மழைக்காலம் அல்லவா?” என்றார். இருட்டியது. நாற்காலிகளை அவரே உள்ளே எடுத்து வைத்தார்.

மறுநாள் நத்தார். கோட்டையில் இருந்த கல்யாணமாகாத பையன்கள் அத்தனை பேரும் வழக்கம்போல வந்தார்கள். அச்சு முறுக்குத் தாழியின் அடி தெரிந்தது. தோதல் இருந்த இலையை ஒருவன் வழித்தே தின்றான். இப்படி ஒரு விருந்து தங்கள் ஊரிலும் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். இசபெல் அன்றைக்கு முழுக்க அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கத் தெம்பில்லை.

அதற்கு மறுநாளும் யாரும் வரவில்லை.

“வந்திருப்பா” என்றாள் ஹென்ட்ரிக்கிடம். “தெருமுனை வரைக்கும் வந்திருப்பா. வெள்ளைச் சுவரையும் திரையையும் பார்த்திருப்பா. அக்கா மாறவே இல்லைன்னு வண்டியைத் திருப்பிக்கினு போயிருப்பா.”

ஹென்ட்ரிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்கலாம் என்றால் மரைக்காயரும் ஊரில் இல்லை. சரக்கோடு தெற்கே போயிருந்தார்.

அதன் பிறகு இசபெல் ஓடவில்லை. பெருக்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்ததைப் பார்த்தாள். உதிரட்டும் என்று விட்டுவிட்டாள். வேலைக்கு வந்த பெண்களை, பண்டிகை முடிந்தது, போய் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். செல்வம்மாள் வந்தபோது அவள் சமையற்கட்டுப் படியில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். தங்கை வராதது ஊருக்கே தெரிந்த விஷயம்தான்.

“எழுந்து வாம்மா” என்றாள். “இன்னைக்கு எங்களுக்குப் பாடு இல்ல. தோணி சும்மாதான் கெடக்குது. எங்க வூட்டுக்காரரும் சும்மாதான் கெடக்குறாரு.”

செல்வம்மாளின் கணவன் சின்னதம்பி கழி ஊன்றித் தோணியைத் தள்ளினான். வாடைக் காற்று முகத்தில் அடித்தது. மழை ஓய்ந்து வானம் வெளுத்திருந்தது. தூரத்தில் பூநாரைகள் தலையைச் சேற்றில் விட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தன. அவை எங்கும் போகிற மாதிரி தெரியவில்லை. திட்டு ஒன்றின் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவுதான். தோணிரேவுப் பெண்கள் சிலர் குனிந்து சேற்றைக் கையால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

“பாடு இல்லன்னியே?”

“வலைக்குத்தான் பாடு. கைக்கு ஏது பாடு? எறங்கு.”

இசபெல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேறு விரல்களுக்கிடையே குளிர்ச்சியாகப் பிதுங்கியது. நண்டு பிடிக்க அவளுக்குத் தெரியாது. நண்டுக்கு அவளைத் தெரிந்திருந்தது. முதல் கொடுக்கிலேயே அலறினாள். “அது உன்னைப் பிடிச்சிடுச்சும்மா” என்று சின்னதம்பி தோணியிலிருந்தே சிரித்தான். “விட்டுடச் சொல்லு, பாவம், மெலிஞ்ச நண்டு.”

திட்டிலேயே சுள்ளி பொறுக்கி அவித்தார்கள். உப்பும் மிளகும் மட்டும். விருந்துக்கு இசபெல் ஒருநாளும் நண்டு வைத்ததில்லை. நண்டு வைத்தால் பந்தி எழாது. ஒவ்வொரு காலாக உடைத்து, உறிஞ்சி, ஓட்டுக்குள் விரல் விட்டுக் கிளறி, நடுவில் பேசி, மறந்து, மறுபடி உடைத்துத் தின்ன வேண்டும். யாராலும் அவசரப்படுத்த முடியாது. அன்று செல்வம்மாள் தன் மாமியாரைப் பற்றி ஒரு கதையை முதல் காலில் ஆரம்பித்தாள். கடைசிக் காலில்தான் முடித்தாள். இசபெலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சிரித்து முடித்ததும் டொமிங்கா நினைவு வந்து கண் கலங்கியது. செல்வம்மாள் அவள் கையில் இன்னொரு நண்டை வைத்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். வெயிலில் கறுத்து, முழங்காலில் சேறு காய்ந்து, வாசலிலேயே கால் கழுவிக்கொண்டு வந்த மனைவியை ஹென்ட்ரிக் ஆச்சரியமாகப் பார்த்தார். தன் வீட்டில் எந்த நாற்காலியிலும் உட்காரலாம் என்பது அவருக்கு மெல்லத் தெரியவந்தது. சாயங்காலம் சீக்கிரமே வர ஆரம்பித்தார்.

அப்படி ஒரு மத்தியானம் ஜமால் முகம்மது மரைக்காயர் வாசலில் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, இன்னும் ஒரு வேலையும் ஆரம்பிக்கல? நாளன்னைக்கு வராங்களே.”

“யாரு?”

“உன் தங்கச்சியும் மாப்பிள்ளையும்தான். நத்தாருக்கு மொத நாள் வரேன்னு சொல்லி அனுப்பிச்சே.”

“நத்தாரா? அது முடிஞ்சு போச்சே, மரைக்காயரே!”

“இங்க முடிஞ்சுது. அங்க இன்னும் வரல. இங்கிலீஷ்காரங்க கோட்டையில இப்பத்தான் தோரணம் கட்டுறாங்க.”

இசபெல் படியிறங்கி வந்தாள். “ஏசு பொறந்தது ஒரே நாள்தானே? அது எப்பிடி அங்க ஒரு நாள், இங்க ஒரு நாள்?”

“இதுல இன்னாம்மா இருக்குது?” மரைக்காயருக்கு அவள் குழப்பம்தான் விளங்கவில்லை. “போன பெருநாளுக்கு நாகூர்ல பிறை பார்த்துட்டாங்க. இங்க ஒரே மேகம், தெரியல. நாங்க மறுநாள்தான் கொண்டாடினோம். உங்களுக்கும் அங்க பிறை தெரியல போலன்னு நெனச்சேன்.”

“பத்து நாளாவா மேகம்?”

“அடுத்தவங்க மார்க்கத்துல நொழைஞ்சு கேக்கறது மரியாதை இல்லன்னு விட்டுட்டேன்” என்றார் மரைக்காயர் கௌரவமாக.

ஹென்ட்ரிக் வந்ததும் இசபெல் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: “ஆமாம். தேதியில் நாம் புதுக் கணக்குக்கு மாறிவிட்டோம். இங்கிலீஷ்காரர்கள் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறார்கள். பத்து நாள் பின்னால். அவர்களுக்குப் போகும் ஒவ்வொரு ஓலையிலும் இரண்டு தேதியும் நான்தான் போடுகிறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அது கும்பினி வேலை” என்றார் மெதுவாக. “அது வீட்டுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.”

அவரைத் திட்டக்கூட இசபெலுக்கு நேரமில்லை. தங்கை கோபித்துக்கொண்டு போகவில்லை! வரவே இல்லை! இனிமேல்தான் வரப்போகிறாள்! பாவாடையைத் தூக்கிச் செருகினாள். வெள்ளை அடிக்கிறவனுக்கு ஆள் அனுப்ப வேண்டும். மாவு இடிக்க வேண்டும். திரை. பாய். மாவுப் பானைக்குள் கை விட்டாள். விரல்கள் பானையின் அடியைத் தொட்டன. வெல்லப் பானையும் அப்படியே. கும்பினிக் கப்பல் வரும்வரை ஊரில் சீனியும் கிடையாது.

கூடையோடு வந்து நின்ற செல்வம்மாளை அங்கிருந்தே கேட்டாள். “செல்வம்! நாளன்னைக்கு உங்களுக்குப் பாடு உண்டா?”

“இல்ல. இன்னும் மூணு ஊரு முறை தாண்டணும்.” செல்வம்மாள் மீன் கூடை மேல் கையை ஊன்றிக்கொண்டு, செருகிய பாவாடையை மேலும் கீழும் பார்த்தாள். “ஓடப்போறியா?”

இசபெலின் கை பானை வாயிலேயே இருந்தது. கால்கள் தாமாகவே கிணற்றடிப் பக்கம் திரும்பியிருந்தன. சொன்னதைச் சொன்னபடி சொல்லும் மனிதர் சொன்னது காதில் இருந்தது: சிரிக்கலம்மா.

செருகலை அவிழ்த்துவிட்டாள்.

“இல்ல” என்றாள். “நண்டு பிடிக்கலாம்.”

அவளுக்கு அது லேசாக இல்லை. நடுவில் ஒருநாள் இருந்தது. அந்த ஒருநாளில் நான்கு தடவை எழுந்தாள். நான்கு தடவையும் உட்கார்ந்தாள். உதிர்ந்த சுண்ணாம்பை மட்டுமாவது வாரிவிடலாம் என்று கெஞ்சினாள். “அபராதம்” என்றாள் செல்வம்மாள்.

வருகிற அன்று காலையில் இருவரும் ஏரிக்குப் போய் ஒரு கூடை நண்டோடு திரும்பினார்கள். முற்றத்தில் சுள்ளி மூட்டி அவித்துக் கொட்டித் தின்ன உட்கார்ந்தார்கள். குளித்து உடை மாற்றலாம் என்று இசபெல் எழுந்தபோதே வண்டிச் சத்தம் கேட்டது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஓரம் நனைந்த பாவாடை, சேறு காய்ந்த கால், கையில் பாதி தின்ற நண்டுக் கால். நிதானமான முகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

டொமிங்கா வண்டியின் முன்பக்கம் நின்றுகொண்டே வந்தாள். சுவரைப் பார்த்தாள். வாசலில் பறந்த சருகுகளைப் பார்த்தாள். புகையே இல்லாத புகைக்கூண்டைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தாள். வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.

“அக்கா! உனக்கு இன்னா ஆச்சு?”

ஓடிவந்து நெற்றியில் கை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். “காய்ச்சலா? எத்தினி நாளா? ஏன் எனக்கு ஒரு ஆள் அனுப்பல? மாமா எங்க?”

“எனக்கு ஒண்ணும் இல்லடி.”

“ஒண்ணும் இல்லன்னா வீடு ஏன் இப்பிடி கீது? வில்லியம், சீக்கிரம் போய் யாராவது வைத்தியரைக் கூட்டிக்கினு வாங்க!”

வில்லியம் தொப்பியைக் கையில் பிடித்தபடி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றார். டொமிங்கா அதற்குள் உள்ளே போய்விட்டாள். உள்ளே தாழிகளின் மூடி திறக்கிற சத்தமும் மூடுகிற சத்தமும் கேட்டன. திரும்பி வந்தபோது முந்தானை இடுப்பில் ஏறியிருந்தது. கையில் துடைப்பம்.

“நீ படுத்துக்கோ. நான் பார்த்துக்கறேன். இந்த வாசலை மட்டும் தள்ளிட்டு, அடுப்பை மூட்டி, தெரு பார்த்தா இன்னா சொல்லும்...”

“டொமிங்கா, உக்காரு.”

“இதோ, இது ஒண்ணுதான்.”

“இவளும் உங்க அம்மா வயித்துப் புள்ளைதான்” என்றாள் செல்வம்மாள், யாரிடமும் இல்லாமல்.

டொமிங்காவின் கை நின்றது. துடைப்பத்தைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். இசபெல் உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டிருந்தாள். பிறகு ஒரு நண்டை எடுத்து நீட்டினாள். நண்டை ஒரு கையால் தின்ன முடியாது. டொமிங்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“காய்ச்சல் இல்லியா நெசமாவே?”

“இல்ல.”

“அப்ப எனக்காகவா இப்பிடி உக்காந்திருக்கே?”

“மொதல்ல உனக்காகத்தான் உக்காந்தேன். அப்போ நல்லா உடுத்திக்கினு, முதுகு வலிக்க வலிக்க உக்காந்தேன். நீ வரல.” பத்து நாள் கதையை இசபெல் சொன்னாள். உப்பு வண்டி, வைக்கோல் வண்டி, தோதலை வழித்துத் தின்ற பையன், பிறை தெரியாத மேகம். டொமிங்கா வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் சிரித்தாள். “மாமாவுக்குத் தெரியுமேன்னுதான் நான் வெவரமா சொல்லல! அவருதானே தேதி போடறவரு!”

ஹென்ட்ரிக் அவசரமாக வில்லியத்தை அழைத்துக்கொண்டு கோட்டைப் பக்கம் நடந்தார்.

சிரிப்பு அடங்கிய பிறகு இசபெல் கேட்டாள். “அன்னைக்கு ஒண்ணு கேக்கணும்னு வந்து வந்து நின்னியே. இன்னா அது?”

டொமிங்கா நண்டின் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “புது ஊரு, புது ஆளு, அங்க எப்பிடி இருக்கறதுன்னு பயமா இருந்துச்சு. உனக்கும் கல்யாணத்தப்ப அப்பிடி இருந்துச்சான்னு கேக்கணும்னு வந்தேன். இப்ப எதுக்கு அது? இருந்து பார்த்துட்டேனே.”

“சரி. எப்பிடி இருக்குது, நீயே சொல்லு.”

“எல்லாமேவா?”

“நேரம் கெடக்குது.”

டொமிங்கா ஆரம்பித்தாள். சென்னப்பட்டணத்து அலையின் சத்தத்தில் முதல் வாரம் முழுக்கத் தூக்கம் வராமல் இருந்ததிலிருந்து. செல்வம்மாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வெயில் எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஏறி, இறங்கி, போய்விட்டது. கிளிஞ்சல் மாதிரி நண்டு ஓடுகள் காலடியில் குவிந்தன. பேச்சு வில்லியத்தின் சமையல்காரன் வரை வந்து, அங்கேயே ரொம்ப நேரம் நின்றது.

இருட்டும்போது மாப்பிள்ளைகள் திரும்பினார்கள். ஹென்ட்ரிக் தொண்டையைச் செருமினார்.

“விளக்கு ஏற்றலாமா?”

“நீங்களே ஏத்துங்க” என்றாள் இசபெல், தங்கையிடமிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் உள்ளே போனார். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று உள்ளேயிருந்து கேட்டார். பிறகு திரி எங்கே என்று கேட்டார். பிறகு இரண்டு ஆண்கள் சேர்ந்து எதையோ உருட்டித் தள்ளிய சத்தம் கேட்டது.

அக்கா தங்கை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.